தம்பிக்கு வுப்பெர்ட்டாலில் ஓர் அறை

எங்கள் வீட்டுப் பின்வளவில் நிற்கிற, கொய்யா மாதிரிக் காய்க்கிற ஃபீஜோவா மரம் முதல் பழத்தைக் கீழே போட்ட கிழமைதான் என் மருமகன் தியாகலிங்கம் ஜெர்மனியில் ஹோட்டல் பார்க்கத் தொடங்கினார். பழமெல்லாம் விழுந்து, பொறுக்கி, அயலட்டைக்குக் கொடுத்து, மிச்சத்தை ஜாம் காய்ச்சி, மரத்தடியில் கிடந்த அழுகலையும் கூட்டி அள்ளியாகிவிட்டது. ஹோட்டல் மட்டும் எடுத்தபாடில்லை.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் எனக்கு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று உங்களுக்கு விளங்கும்.

தியாகலிங்கம் நியூசிலாந்துக்கு, இந்த மனுரேவாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். ஈஸ்ட் டாமாக்கியில் பால் போத்தலுக்கு மூடி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். விடிய எழும்பித் தானே தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, என் மகள் சுகந்தினிக்கும் ஊற்றி மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். குடி இல்லை, சண்டை இல்லை, என்னை எதிர்த்து ஒரு சொல் உரத்துச் சொன்னதில்லை. குறை சொல்ல முடியாத மருமகன். ஆனால் ஒரு விஷயத்தில் முடிவெடுக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் தெரியும். சப்பாத்து வாங்கினால் கடைக்காரன் முகம் சுளிக்குமட்டும் கொண்டுபோய் மாற்றுவார். வீட்டுக்கு வெளிச்சுவர் பூச நிறம் பார்க்கிறேன் என்று பட்டை பட்டையாய் விதம் விதமாகப் பூசி வைத்தார். அந்தப் பட்டைகளோடேயே இரண்டு தீபாவளி கொண்டாடினோம்.

இன்னொன்று. இந்த மனிதர் வாழ்க்கையில் ஒருநாளும் ஹோட்டலில் படுத்ததில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் பாங்கொக்கில் ஒரு அறைக்குள் பத்துப் பதினைந்து பேரோடு நெருக்குப்பட்டுக் கிடந்தாரே, அதை ஹோட்டல் என்று எந்த வாயால் சொல்லுவது? இங்கே வந்த பிறகு இவருடைய வீடுதான் மற்றவர்களுக்கு ஹோட்டல். யார் வந்து இறங்கினாலும் விமான நிலையத்துக்குக் கார் கொண்டு போகிறவர் இவர். எங்கள் ஹோலில் ஒரு மெத்தை எப்போதும் சுவரில் சாய்ந்தபடியே நிற்கும். யாழ்ப்பாணத்து ஆள், மலேசியா ஆள் என்று பார்த்ததில்லை. சென்னையில் இருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த சரத் என்கிற பிள்ளை எங்கள் ஹோலில் படுத்துத்தான் வேலை தேடினது. இப்போது ஹென்டர்சனில் சொந்த வீடு. இன்னும் போன் எடுத்து, "பாட்டி, உங்க ரசம் மாதிரி வரமாட்டேங்குது" என்று சொல்லும்.

அப்படி ஊரையெல்லாம் தன் வீட்டில் படுக்க வைத்த மனிதர், சொந்த அக்கா இருக்கிற ஊருக்கு, அந்த அக்காவின் மகள் கலியாணத்துக்குப் போய், ஹோட்டலில் நிற்கப் போகிறாராம். கேட்கிறவன் காறித் துப்பமாட்டானா?

அக்காவின் பெயர் வசந்தமலர். ஜெர்மனியில் வுப்பெர்ட்டால் என்கிற ஊரில் இருக்கிறாள். இரண்டு பேரும் கூடப்பிறந்த பிறவிகள். வேறு சகோதரம் இல்லை. ஆனால் தாய் செத்த நாளில் இருந்து கதை பேச்சு இல்லை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரைக்கும் பிரேதத்தை எடுக்கமாட்டோம். இவர் ஊருக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டார். வசந்தமலருக்கு இடையிலே விமானம் தவறிவிட்டது. ஐயர் அடுத்த நாள் சரியில்லை என்றார், ஊர்ச்சனம் இனி வைத்திருக்கக் கூடாது என்றது. ஒரு நிறம் தெரிவுசெய்ய மாதக்கணக்கில் எடுக்கிற என் மருமகன், அன்றைக்கென்று பார்த்து ஒரே சொல்லில் "சரி, எடுங்கோ" என்றுவிட்டார். மறுநாள் வந்த வசந்தமலர் கண்டது கழுவி விட்ட வீட்டைத்தான். அன்றைக்கு நின்ற கதை.

இப்போது அவள் மகள் லோஜனாவுக்குக் கலியாணம். அழைப்பிதழ் என் மகளின் போனுக்குப் படமாக வந்தது. லோஜனா தானே போன் எடுத்து, "மாமா, நீங்க வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன்" என்று அழுதாள். இவருக்கும் கண் கலங்கினது. போனை வைத்ததும் கேட்ட முதல் கேள்வி: "அக்கா ஒண்டும் சொல்லேல்லையே?"

எங்கள் சனத்துக்கு அழைப்பிதழ் ஒரு அழைப்பே இல்லை. வாயால் சொல்லவேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் கூடப்பிறந்தவனுக்குமா?

"தம்பி, உரித்துக்காரனுக்கு ஆரும் அழைப்பு வைக்கிறதோ? உங்களை வீட்டு ஆள் எண்டு நினைச்சு விட்டிருப்பா" என்றேன்.

"அப்ப அதை வாயைத் திறந்து சொல்லட்டும் மாமி."

"நீங்கள் ஒருக்கா எடுத்துக் கேளுங்கோவன்."

"நான் கேட்டு வாங்கினால் அது அழைப்போ?"

எனக்குக் கோபம்தான் கூடினது.

"பிள்ளைக்காகப் போவன். தாய்மாமன் நான் நிக்கவேண்டிய இடத்தில நிப்பன். ஆனால் 'வந்து நில்' எண்டு அக்கா சொல்லாத வீட்டில படுக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தவர்தான்.

சரி, நிற்கிறதென்றால் ஏதோ ஒரு ஹோட்டலில் நின்று தொலைக்கிறதுதானே? இல்லை. மலிவான ஹோட்டலில் நின்றால், "தம்பிக்காரன் நியூசிலாந்தில் இருந்து வந்து பிச்சைக்காரன் மாதிரிக் கிடக்கிறான்" என்று மாப்பிள்ளை பகுதி அக்காவை இளக்காரமாகப் பார்க்குமாம். பெரிய ஹோட்டலில் நின்றால், "அக்காவுக்கு எடுப்புக் காட்டுறான்" என்று சொல்லுமாம். ஆகவே நடுத்தரம். மூன்று நட்சத்திரம். நாலும் கூடாது, இரண்டும் கூடாது. கதைக்காத அக்காவின் மரியாதைக்கு இவ்வளவு காவல்!

கலியாண மண்டபத்துக்குக் கிட்ட இருந்தால் சனம் வந்து கதவைத் தட்டும். தூர இருந்தால் ஒளித்துக்கொண்டு நிற்கிறான் என்பார்கள். அந்த ஊரில் ரயில் ஒன்று ஆற்றுக்கு மேலே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகிறதாம். அந்த ரயில் நிற்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கவேண்டும், ஆனால் அது ஜன்னலுக்கு நேரே போகக்கூடாதாம். ஏனென்று கேட்டேன். "சாரம் மாத்திக்கொண்டு நிக்கேக்க சனம் பார்க்கும் மாமி" என்றார்.

பின்னேரம் வேலையால் வந்து, குளித்து, சாப்பிட்டு, மேசையில் குந்தினால் ஒரே ஹோட்டல் வாசிப்புத்தான். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் எனக்கு விலக்கும் இல்லை. பயற்றங்காய் முறித்துக்கொண்டு கேட்கவேண்டும். முன்பு அங்கே தங்கினவர்கள் எழுதி வைத்ததையெல்லாம் தமிழில் சொல்லுவார். ஒரு மனிதன் தலையணை நல்லதென்கிறான். இன்னொருத்தி அதே தலையணையில் படுத்துக் கழுத்துப் பிடித்ததாம். அவன் காலைச் சாப்பாடு திறம் என்கிறான், இவள் முட்டை ஆறிப் போயிற்று என்கிறாள்.

"முட்டை ஆறினதுக்கும் எங்களுக்கும் என்ன? நாங்கள் கலியாணத்துக்குச் சைவமெல்லோ" என்றாள் சுகந்தினி.

"அதில்லையப்பா. முட்டையை ஆறவிடுறவன் அறையை எப்பிடி வைச்சிருப்பான்?"

இரட்டைக் கட்டில் என்று போட்டிருப்பார்கள். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் இரண்டு மெத்தை, இரண்டு போர்வை, நடுவிலே பிளவு. அந்த நாட்டில் புருசன் பெண்சாதிக்கும் போர்வை தனித்தனியாம். என் மகள் எட்டிப் பார்த்து, "நல்லதாப் போச்சு, உங்கட குறட்டைக்கு அந்தப் பிளவு இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கலாம்" என்றாள். அந்த ஹோட்டலையும் விட்டார். குறட்டைக்கு அல்ல, அறையில் தேத்தண்ணிக்குச் சுடவைக்கிற கேத்தில் இல்லையாம்.

இதிலே பெரிய கொடுமை, எடுத்த அறையைக் காசு கட்டாமலே வேண்டாமென்று விடலாம் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்களே, அதுதான். இந்த மனிதருக்கு அதைப் போய்க் காட்டினது யார்? இன்றைக்கு எடுப்பார், "மாமி, முடிஞ்சுது" என்று வந்து சொல்லுவார். எனக்கும் நெஞ்சு ஆறும். அடுத்த நாள் சோறு போடும்போது, "அதை விட்டிட்டன்" என்பார். ஒரே நேரத்தில் மூன்று ஹோட்டலில் இவர் பெயருக்கு அறை இருந்த நாளும் உண்டு. படுக்கத்தான் ஆள் இல்லை.

"தம்பி, நீங்கள் அறை தேடேல்லை. அக்கா எடுப்பா எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறியள்" என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவர் கம்ப்யூட்டரை மூடினார். கொஞ்ச நேரத்தால் திரும்பத் திறந்தார்.

பிறகுதான் அந்தப் பெரிய மடைத்தனம் நடந்தது. படத்தை நம்பக்கூடாது, ஆள் விட்டுப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் சனத்தின் இரத்தத்தில் ஊறின விஷயம். மாப்பிள்ளை பார்க்கவும் ஆள் விடுவோம், வளவு வாங்கவும் ஆள் விடுவோம். இவர் ஹோட்டலுக்கு ஆள் விட்டார். தொழிற்சாலையில் இவரோடு வேலை செய்கிற குணரத்தினத்தின் மச்சாள் உஷா அதே வுப்பெர்ட்டாலில் இருக்கிறாளாம். அவளுக்குப் போன் போட்டு, "தங்கச்சி, ஒருக்கா அறையைப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கோ. அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று நான் இருக்கத்தக்கதாகவே சொன்னார்.

நான் தலையில் கை வைத்தேன். தமிழ்ச் சனத்திடம் சொல்லாதே என்று சொல்லுவதும், கோயில் ஒலிபெருக்கியைக் கையில் கொடுப்பதும் ஒன்று.

உஷா கெட்டிக்காரி. கலியாணத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து தங்க வைக்கப் போகிறேன் என்று ஹோட்டல்காரரிடம் சொல்லி, அறையைத் திறப்பித்து, முழுவதையும் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அலுமாரிக்குள்ளே காட்டினாள். கட்டிலுக்குக் கீழே காட்டினாள். கட்டிலில் ஏறி இருந்து இரண்டு தரம் குதித்துக் காட்டினாள். குழாயைத் திறந்து கையை நீட்டி, "அண்ணை, சுடுதண்ணி கொஞ்சம் காணாது, ஆனால் குளிக்கலாம்" என்றாள். பின்னாலே ஹோட்டல் பெட்டை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மருமகனுக்கு முதல் முறையாகத் திருப்தி. "இதையே எடுப்பம் மாமி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரவுச் சாப்பாட்டில் இருந்தோம். அங்கே அது காலை. சுகந்தினியின் போன் அடித்தது. அதிலே வசந்தமலரின் படம்.

மகளுக்குக் கறிக் கை. மற்றக் கையால் அமத்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தாள்.

"சுகந்தினி, உம்மட மனுசன் எங்கை?"

"இஞ்சைதான் சாப்பிடுறார் மச்சாள்."

"நான் செத்துப்போனனோ எண்டு ஒருக்கா அவரிட்டக் கேளும்."

மருமகன் சோற்றைக் குழைத்தபடியே, "நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லும்" என்றார்.

"அப்ப என்னத்துக்கு ஆள் விட்டு ஹோட்டல் பார்க்கிறாராம்? நேற்றுக் கோயில் அன்னதானத்தில பருப்பு வாளியோட நிக்கிறன். ஒரு மனுசி வந்து சொல்லுறா, 'உங்கட தம்பி நிக்கப்போற அறை நல்லாத்தான் இருக்காம், சுடுதண்ணிதான் கொஞ்சம் காணாதாம்' எண்டு. என்ர தம்பி குளிக்கிற தண்ணி எனக்கு முதல் ஊருக்குத் தெரியுது!"

"கூப்பிடாத வீட்டுக்கு எப்பிடிப் போறது எண்டு கேளும் சுகந்தினி."

"லோஜனா கூப்பிட்டவள்தானே எண்டு சொல்லும்."

"லோஜனா சின்னப்பிள்ளை எண்டு சொல்லும்."

"கலியாணம் கட்டப்போறவள் சின்னப்பிள்ளையோ எண்டு கேளும்."

என் மகள் ஒன்றையும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். இரண்டு பேருக்கும் இரண்டு பேருடைய குரலும் தெளிவாகக் கேட்கிறது. எனக்குத் தாங்கவில்லை. போனைத் தூக்கி மருமகனுடைய கோப்பைக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தேன்.

"நேர கதையுங்கோ இரண்டு பேரும். என்ர பிள்ளை என்ன, உங்கட தபால்காரியோ?"

வசந்தமலர் போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"டேய்" என்றது போன்.

"ம்" என்றார் மருமகன்.

"கூப்பிட்டால் உன்னை எங்கையடா நிப்பாட்டுறது?"

அவர் நிமிர்ந்தார்.

"அத்தானுக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. ஹோலுக்குள்ள ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டுக் கிடக்கு. மற்ற அறைக்குள்ள கலியாணச் சாமான். நான் அவருக்குப் பக்கத்தில கதிரையில சாய்ஞ்சு கிடக்கிறன். 'வா' எண்டு சொன்னால் 'வந்து நில்' எண்டும் சொல்லவேணும். சொல்ல எனக்கு இடமில்லையடா. அதுதான் வாயைத் திறக்கேல்லை."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா."

"லோஜனாவுக்கு நான்தான் வாய்க்கட்டுப் போட்டனான். பாவம் பார்த்து நீ வரவேண்டாம் எண்டுதான். மற்றச் சனம் உனக்குத் தெரியும் எண்டு நினைச்சிருக்கும். சொந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருக்குமோ?"

மருமகனுடைய கையில் சோறு காய்ந்துபோய் இருந்தது. கழுவவும் எழும்பவில்லை.

"அக்கா, அம்மாவை அண்டைக்கு..." என்று தொடங்கினார்.

"அதை இப்ப எடுக்காதை!" அவள் குரல் கிறீச்சிட்டது. "அது போனில முடியிற கதையில்லை. நேரில வந்து நான் உன்னோட பிடிக்கவேண்டிய சண்டை. அதுக்குத்தான் சொல்லுறன், வா. தாய்மாமனா வந்து முன்னுக்கு நில். படுக்கிறது ஹோட்டலில படு."

"சரி அக்கா."

"அறையில எனக்கும் ஒரு கட்டில் வேணும்."

"என்னது?"

"கலியாணத்துக்கு முதல் நாள் அவரை ஆரையும் பார்க்கவிட்டிட்டு வருவன். ஒரு பகல் முழுக்கக் காலை நீட்டிப் படுக்கவேணும். எழுப்பக்கூடாது, கதைக்கக்கூடாது. சண்டை எழும்பினாப் பிறகு பிடிப்பம்."

மருமகன் கண்ணைத் துடைத்தார், கறிக் கையாலேயே. பிறகு எரியுது எரியுது என்று குசினிக்கு ஓடினார். சுகந்தினி தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவி விட்டாள். போனிலே வசந்தமலர், "என்ன நடந்தது? ஏன் கத்துறான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒண்டுமில்லைப் பிள்ளை, உங்கட தம்பி அழத் தெரியாமல் அழுறார்" என்றேன்.

இதோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். உஷா குதித்துக் காட்டின அறை இருக்கிறது, அதை எடுத்தால் சரி என்று. இல்லையாம். அதிலே வசந்தமலருக்குக் கட்டில் இல்லையாம். தொடக்கத்தில் இருந்து மறுபடியும் தேடவேண்டுமாம்.

முன்பு ஒருவர் தேடினார். இப்போது இரண்டு பேர். பின்னேரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் போனை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்தால் அந்தப் பக்கம் வசந்தமலர், கையிலே அத்தானுக்குக் கஞ்சிக் கிண்ணம். தம்பி சப்பாத்து மாற்றுகிற ஆள் என்றால் அக்கா கடையையே மாற்றுகிற ஆள்.

"அக்கா, இதில காலைச் சாப்பாட்டோட தாறாங்கள்."

"பன்றி இறைச்சியும் பாணும்தானே? அதை நீயே தின்."

"இதில மூண்டு கட்டில். ரயிலுக்கும் கிட்ட. தொங்குற ரயில் எண்டபடியால் சத்தம் பெரிசா இருக்காதாம்."

"முப்பது வருசமா நான் அதுக்குக் கீழ நடக்கிறன். நீ எனக்குச் சத்தம் சொல்லித் தாறியோ?"

"அப்ப இது? அமைதியான இடமாம்."

"அது மயானத்துக்குப் பக்கத்தில இருக்கடா விசரா!"

கலியாணம் ஆவணியில். விமானச் சீட்டு எடுத்தாயிற்று. சுகந்தினி சேலைக்கு எல்லாம் சட்டை தைப்பித்துவிட்டாள். நேற்று எனக்குப் பொறுக்கமுடியாமல், "பிள்ளையள், மணவறையைக் கழட்டினாப் பிறகோ நீங்கள் அறை எடுக்கப்போறியள்?" என்று கேட்டேன்.

"மாமி, இதுக்குள்ள நீங்கள் தலையிடாதேங்கோ" என்றது போன்.

"ஓம் மாமி, இது எங்கட விஷயம்" என்றார் மருமகன். என்னை எதிர்த்து ஒரு சொல் உரத்துச் சொல்லாதவர்!

நல்லது. நான் தலையிடவில்லை. ஆனால் ஒன்று. அக்கா வீட்டில் இடமில்லை என்றால், ஒரு மெத்தையைச் சுருட்டி அந்தக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலே போட்டுக்கொண்டு படுக்கிறதுதானே? எங்கள் ஹோலில் எத்தனை பேர் அப்படிப் படுக்கவில்லை? கூடப்பிறந்தவன் ஹோட்டலில் நிற்கக்கூடாது என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்லுகிறேன். அவர்கள் கேட்பதாயில்லை. இப்போது எந்த ஹோட்டல் தலையணை நல்லது என்பதில் நிற்கிறார்கள்.